டாப் லிங்க்கில் கட்டிய சங்கிலி

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா வீட்டிலிருந்து போன். பேசியது அத்தான். “மக்கா, நிய்யி இப்ப எத்தன கிலோ இருப்பே?”

காலங்காத்தாலே கேட்கிற கேள்வியா இது?

நான் டயட்டில் இருப்பதாக மூன்று வாரத்துக்கு முன் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். தொண்ணூற்று நாலு, இரண்டு கிலோ குறைந்திருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். “சாரமில்ல, அது போதும். ஒடனே வா” என்று வைத்துவிட்டார்.

தாணு அத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகவதி அக்காவின் வீட்டுக்காரர். மஸ்கட்டில் ஓர் எண்ணெய் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் சேஃப்டி ஆபீசராக இருந்தவர். ஹெல்மெட் இல்லாமல் ஒருவன் ஏணியில் கால் வைத்தால் அன்றைக்கே அவனை ரூமுக்கு அனுப்பிவிடுவாராம். லீவில் வரும்போது கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையைத் தேட மாட்டார்; தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தேடுவார். பந்தியில் பாயசம் வரும்போதுகூட ஒரு கண் ஜெனரேட்டர் ஒயர் மேல்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவர் இரண்டு வருஷத்துக்கு முன் ஊரோடு வந்து சேர்ந்தார். பூதப்பாண்டிக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் வயல், கொஞ்சம் தென்னை. அருமனையில் ஒரு ரப்பர் தோட்டத்துக்காரரிடமிருந்து பழைய டிராக்டர் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினார். அவரைவிட அதற்கு இரண்டு வயசு குறைவு, அவ்வளவுதான். மேலே கூரை இல்லை, கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றும் கம்பிக்கூடு இல்லை, பெல்ட் இல்லை. ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வயல் கொக்கெல்லாம் எழுந்து போய்விடும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் லுங்கியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் கண்ணேறு கழிக்க எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதுசாகக் கட்டியிருந்தது. வில்லங்கம் பின்னால் இருந்தது.

வண்டு அடித்துப்போன தென்னை ஒன்றை வெட்டியிருந்தார். அதன் அடிக்கட்டை, எங்கள் பேச்சில் மூடு, வாய்க்காலில் தண்ணீர் வரும் வழியில் நின்றது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் திறக்க நாலே நாள். அதற்குள் அதைப் பிடுங்கியாக வேண்டும். தென்னை மூடு எப்படிப்பட்டது என்று பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்... ஆயிரம் வேர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிடிவாதம்.

இந்த மாதிரி டிராக்டரின் முதுகில் மூன்று கைகள் உண்டு. கீழே இரண்டு, மேலே நடுவில் ஒன்று. மேலே இருப்பதற்கு டாப் லிங்க் என்று பெயர். கலப்பையை இந்த மூன்றிலும் மாட்டிவிட்டால் ஹைட்ராலிக் அதைத் தூக்கும், இறக்கும். இவை போக, எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் இரும்புப் பட்டை பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் டிராபார். எதையாவது இழுக்க வேண்டும் என்றால் சங்கிலியை அதில்தான் மாட்ட வேண்டும்.

அத்தானின் டிராக்டரில் டிராபார் இல்லை. மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை மாட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றிவிட்டார். ஆறு மாதமாக அது அக்காவின் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வருகிறது. ஆகவே சங்கிலியின் ஒரு முனை தென்னை மூட்டில். மறுமுனை உச்சியில், டாப் லிங்க் மாட்டுகிற துளையில். அந்தத் துளையில் செருகும் இரும்புப் பின்னும் எப்போதோ தொலைந்துவிட்டது. பதிலுக்கு, மொட்டைமாடி கான்கிரீட் போட்டபோது மிஞ்சிய கம்பித் துண்டு ஒன்று. நழுவாமல் இருக்கக் குத்துகிற லாக் பின்? அதெல்லாம் மஸ்கட்டில்.

ஏன் இவ்வளவு உயரத்தில் கட்டினீர்கள் என்று கேட்டேன். “பல்லு பிடுங்குத மாதிரியாக்கும் இது. மேல தூக்கி இழுத்தாத்தான் வரும், கேட்டியா.”

அவர் ஏற்கெனவே ஒருமுறை இழுத்துப் பார்த்திருக்கிறார். மூடு அசையவில்லை. டிராக்டரின் முன் சக்கரம் ஒரு சாண் எழும்பிவிட்டது. நம் பக்கத்தில் முன் சக்கரம் எழும்பினால், ஏன் எழும்புகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. கனமான ஆளாகப் பார்த்து முன்னால் உட்கார வைத்துவிடுகிறோம். அந்தப் பதவிக்குத்தான் என்னைப் போனில் இன்டர்வியூ செய்திருக்கிறார்.

நான் மறுத்தேனா? இல்லை. இரண்டு பட்டம் வாங்கியவன், வாராவாரம் ஊருக்கே புத்தி சொல்கிறவன், எலுமிச்சம்பழத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு பம்பரில் ஏறி உட்கார்ந்தேன்.

அத்தான் கியர் போட்டார். சங்கிலி விறைத்தது. எதிரே தாடகை மலை தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்... மலை மெதுவாகக் கீழே இறங்குகிறது! மலை எங்கே இறங்கும்? நான்தான் மேலே போய்க்கொண்டிருந்தேன். தொண்ணூற்று நாலு கிலோவை அந்தக் கிழட்டு டிராக்டர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் அத்தான் ஏதோ கத்தினார். அவர் கால் கிளட்சைத் தேடியது, கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னார்.

சட்டென்று ஒரு சத்தம். கம்பித் துண்டு வளைந்து, துளையிலிருந்து உருவிக்கொண்டு போனது. சங்கிலி பின்னால் பறந்து வரப்பில் அறைந்தது. முன் சக்கரம் தொப்பென்று தரைக்கு வந்தது. நான் மண்ணில் கிடந்தேன். நிமிர்ந்து பார்த்தால், டீ கொண்டுவந்த அக்கா பத்தடி தள்ளி அப்படியே நிற்கிறாள். டீயைத் தரையில் வைத்தாள்; டிராக்டர் சாவியை உருவினாள்; வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் மெக்கானிக் சகாயம் வந்தார். கடற்கரைக்காரர். வள்ளத்து என்ஜினும் பார்ப்பார், டிராக்டரும் பார்ப்பார். நடந்ததைக் கேட்டுவிட்டு அந்தக் கம்பியைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். அவர் சொன்னது இதுதான். சங்கிலியைத் தாழக் கட்டினால், இழுக்க இழுக்க முன் சக்கரம் நிலத்தில் பதிந்து நிற்கும். பின் சக்கர அச்சுக்கு மேலே கட்டினால், வண்டி தன்னையே பின்னால் மல்லாத்திக்கொள்ளும். பின் சக்கரம் உருள வழியில்லை; என்ஜின் சும்மா இருக்குமா? வண்டியையே தூக்கிச் சுற்றப் பார்க்கும். கண் சிமிட்டுகிற நேரம் போதும், ஓட்டுகிறவர் அடியில் கிடப்பார்.

“நல்ல பின் போட்டிருந்தா அது வளைஞ்சிருக்காது அண்ணாச்சி” என்றார் சகாயம். “வண்டிதான் மறிஞ்சிருக்கும்.”

ஒரு தப்பு, இன்னொரு தப்பிலிருந்து எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அத்தான் விடவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியாதா, கிளட்சை மிதித்தால் தீர்ந்தது என்று ஆரம்பித்தார். அக்கா முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து போட்டாள். “இஞ்சேருங்கோ, இதுல ஒருக்கா இரிங்கோ.” இருந்தார். அக்கா பின்னால் போய், குனிந்து, சேரின் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்தாள். சேர் அவரோடு சேர்ந்து தரையில் உரசிக்கொண்டு வந்தது. பிறகு நிமிர்ந்து, முதுகுச் சாய்வின் உச்சியைப் பிடித்து ஒரே இழுப்பு. முன் கால் இரண்டும் எழும்ப, அத்தான் இரண்டு கையாலும் காற்றைப் பிடித்தார். சகாயம் மட்டும் தாங்கியிருக்காவிட்டால் மல்லாந்திருப்பார்.

“கிளட்சு மிதிச்சேளா?” என்று கேட்டாள் அக்கா.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “இருவத்தி ரெண்டு வருசம் அங்க ஊருப்பட்ட ஆளுகள பத்திரமா வீட்டுக்கு அனுப்பி வச்சீங்க. எனக்கு வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு ஆளாக்கும்.”

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நாம் ஏன் இப்படி? கம்பெனி சொன்னால் ஷூ, ஹெல்மெட், பெல்ட் எல்லாம் போடுகிறோம். சொந்த வீட்டு வேலை என்றால் பிளக் இல்லாத ஒயரைத் தீக்குச்சி வைத்து சுவர் சாக்கெட்டில் சொருகுகிறோம். அங்கே பிழைத்து வந்ததே இங்கே வந்து இருக்கத்தான். இங்கே வந்ததும் நம் உயிர் நமக்கு ஓசியில் கிடைத்ததாகிவிடுகிறது. உபதேசம் பண்ணுகிறேன் என்று நினைக்காதீர்கள். பம்பரில் உட்கார்ந்தவன் நான்.

வியாழக்கிழமை கோழிக்கூட்டுக்கு வேறு முட்டு கிடைத்தது. டிராபார் தன் இடத்துக்கு வந்தது. சகாயம் சரியான பின்னைப் போட்டு, லாக் பின்னையும் குத்தி, தொலையாதிருக்க அதைச் சின்னச் சங்கிலியில் கோத்துவிட்டார். தென்னை மூட்டைச் சுற்றித் தோண்டி வேரை வெட்டிய பிறகு சங்கிலியைத் தாழக் கட்டி, அத்தான் ஷூ போட்டுக்கொண்டு மெதுவாக இழுத்தார். நாங்கள் எல்லோரும் சங்கிலி எட்டாத தூரத்தில். முன் சக்கரம் இம்மிகூட எழும்பவில்லை. மூன்றாவது இழுப்பில் மூடு வந்தது. சனிக்கிழமை தண்ணீரும் வந்தது.

வளைந்த கம்பியைக் குப்பையில் போடலாம் என்றார் அத்தான். அக்கா கொடுக்கவில்லை. டிராக்டர் சாவி மாட்டுகிற ஆணியிலேயே அதையும் தொங்கவிட்டிருக்கிறாள். சாவியை எடுக்கும்போதெல்லாம் அது அத்தானின் விரலில் இடிக்கிறது.

இடிக்கிற மாதிரி பார்த்துத்தான் தொங்கவிட்டிருக்கிறாள்.