தறிக் கொட்டகை ராக் கோஷ்டி

எங்கள் குழுவுக்குக் கடைசிவரை பெயர் வைக்கவில்லை. நாலு பேருக்கு நாலு பெயர் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்ததை மற்ற மூவரும் கேலி செய்தார்கள், நான் மூன்று நாள் பேசாமல் இருந்தேன், அத்தோடு அந்தப் பேச்சே நின்றுபோனது. தொண்ணூறுகளின் கடைசியில் திருத்தணியில் ஒரே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாங்கள், ஆங்கில ராக் பாட்டுகளைக் கேசட்டில் கேட்டு, கேட்டபடியே வாசிக்க ஆசைப்பட்டோம். சொந்தமாக ஒரு பாட்டும் கட்டவில்லை. கட்டத் தெரியாது என்பது ஒரு காரணம். அடுத்தவர் பாட்டே இன்னும் கைக்கு வரவில்லை என்பது இன்னொன்று.

கிடார்காரன் அரக்கோணத்து ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளை. அப்பா சரக்கு ரயில் டிரைவர். பக்கத்து வீட்டு கார்டு ஒருவர் ஓய்வு பெற்று மகளோடு வெளிநாட்டுக்குப் போனபோது, மூட்டை முடிச்சில் அடங்காத கிடாரையும் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகளையும் இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் நாலு பேரின் ராக் அறிவு முழுவதும் அந்த அட்டைப்பெட்டிக்குள்தான் இருந்தது. அவர் வாங்காத பாட்டு உலகத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கிடார்காரன் தோள்வரை முடி வளர்த்திருந்தான். திருத்தணியில் ஒரு பையன் முடி வளர்த்தால் மொட்டைக்கு வேண்டிக்கொண்டிருக்கிறான் என்றுதான் அர்த்தம். "எப்போ தம்பி மலைக்கு?" என்று டீக்கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்பார்கள். அவனும் சளைக்காமல், "அடுத்த கிருத்திகைக்குங்க" என்பான்.

பாடகன் மலைமேல் கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கும் குடும்பம். விடியுமுன் அப்பாவோடு பொங்கல் கிண்டிவிட்டு, முந்நூற்று அறுபத்தைந்து படியும் இறங்கி, பெருங்காய வாசனையோடு முதல் வகுப்புக்கு வருவான். அடுப்பு இரைச்சலிலும் மணிச் சத்தத்திலும் "நெய்" என்றால் கோடிவரைக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை. அந்தத் தொண்டையால் அவன் ராக் பாடியபோது எங்களுக்குப் புல்லரித்தது. வீட்டில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தான். பாவம், அவன் அம்மா கல்யாணப் பத்திரிகைகளில் முகவரி அடித்துத் தரச் சொல்லும்போதெல்லாம் அவனுக்குக் கையில் சுளுக்கு.

டிரம்ஸ்காரன் அம்மையார்குப்பம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி, லுங்கித் துணி. கலைந்துபோன ஒரு கல்யாணக் கச்சேரி கோஷ்டியிடமிருந்து ஒரு டிரம்ஸ் செட்டை அவன் எப்படியோ கொண்டுவந்து சேர்த்தான். அதில் தாம்பாளம்போல் தொங்கும் சிம்பலில் ஒரு விரிசல். அவனைப்போல் பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. என்னோடு நாலு வருஷம் சண்டையில்லாமல் பழகினான் என்பதே சாட்சி.

கீபோர்டு நான். எங்கள் அப்பா திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போன குடும்பத்தில் பிறந்து, சர்க்கரை ஆலையில் எடை மேடை வேலைக்கு வந்தவர். பள்ளிக்கூடத்துப் பிரேயரில் ஆர்மோனியம் வாசிக்க ஆள் கிடைக்காமல் என்னை உட்கார வைத்தார்கள். விட்டால் போதும் என்று மற்றவர்கள் ஓடிய இடத்தில் நான் ஒட்டிக்கொண்டேன். மூன்று பையன்களோடு ஒரு பெண் என்னத்துக்கு என்று தெருவில் கேட்டவர்களுக்கு என் அம்மா, "அவ கூட இருந்தா அந்தப் பசங்களுக்குத்தான் பயம்" என்று பதில் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆள் சேர்ந்தாயிற்று, வாசிக்க இடம் இல்லை. கல்லூரியில் ஒரு நாள் வாசித்தோம். மறுநாள் அறைக்குப் பூட்டு. அரக்கோணத்துக் குவார்ட்டர்ஸில் ராத்திரி வண்டி ஓட்டிவிட்டு வந்த டிரைவர்கள் பகலில் தூங்குவார்கள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் வாசித்ததற்கு ஏழெட்டுப் பேர் லுங்கியோடு திரண்டு வந்தார்கள். எங்கள் வீட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம். கடைசியில் டிரம்ஸ்காரன் சொன்னான், "எங்க தறிக் கொட்டாய்க்கு வந்துடுங்க. தெருவே தறி ஓட்டிகினு இருக்குது. எவன் வந்து சத்தம்னு கேப்பான்?"

ஒருவரும் கேட்கவில்லை. நாலு தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். தறிகளுக்குப் பின்னால், சுவரோரம் காலியாகக் கிடந்த ஒரு மூலை எங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போய்விடுவோம். டிரம்ஸ்காரனின் அம்மா ஊடை நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றியபடி எனக்குத் துணையாக உட்கார்ந்திருப்பார். முதல் நாள் பாடகன் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பானா மாட்டானா என்று நாங்கள் ஓரக்கண்ணால் பார்த்தோம். அவன் இரண்டு சொம்பு குடித்துவிட்டு மூன்றாவது கேட்டான்.

ஒன்றரை வருஷம் அப்படி வாசித்தோம். ஸ்பீக்கரை எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவு திருகியும் ஒருவர் வாசிப்பது ஒருவருக்குக் கேட்காது. கிடார்காரன் காலைத் தூக்கினால் அடுத்த பகுதி, பாடகன் கண்ணை மூடினால் கடைசி என்று சைகையிலேயே காலம் தள்ளினோம். கரண்ட் போனால் தறி நிற்கும். அதோடு கிடாரும் கீபோர்டும் நின்றுவிடும். தறிக்கு லீவு அமாவாசை அன்று மட்டும்தான். அன்றைக்கு மலையில் கூட்டம் என்பதால் பாடகன் வர முடியாது, நாங்களும் சினிமாவுக்குப் போய்விடுவோம். ஆக, அந்த ஒன்றரை வருஷத்தில் எங்கள் வாசிப்பை நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பிரமாதமாக வாசிக்கிறோம் என்பதில் எங்களுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

டிரம்ஸ்காரனின் அப்பாவை அவன் அழைப்பதுபோல் நாங்களும் நைனா என்றே அழைத்தோம். பேச மாட்டார். எல்லாவற்றுக்கும் கைச்சாடைதான். நாங்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கும்போது, அங்கே டிரம்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாத முகத்தோடு எங்களைக் கடந்து போவார், வருவார். முப்பது வருஷத் தறிச் சத்தத்தில் அவர் காது போய்விட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

அந்த வருஷம் டிரம்ஸ்காரனின் அக்காவுக்கு நகரியில் சம்பந்தம் முடிந்தது. கூடவே இடியும் வந்தது. "கல்யாணம் முடிஞ்ச கையோட அஞ்சாவது தறி வருதாம். நம்ம மூலையில போடப்போறாராம் நைனா" என்று அவன் சொன்னான். தறி வந்தால் ஓட்ட ஆள் வேண்டும், ஆள் அவன்தான். டிரம்ஸ் பரணுக்குப் போகும், பிறகு யாராவது கேட்டால் கொடுத்துவிடுவார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு நேரே போய்க் கேட்டிருப்பேன். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். அவனுக்கு ஒரு யோசனை இருந்தது. கல்யாண ரிசப்ஷனில் நாங்கள் வாசிக்க வேண்டும். ஊர் முன்னால் கேட்டால் நைனாவின் மனசு மாறும். தானே கேட்கத் தைரியமில்லாமல் மாப்பிள்ளையைப் பிடித்தான். "பாவா, நீங்க சொன்னா நைனா தட்ட மாட்டாரு" என்று கெஞ்சினான். புது மாப்பிள்ளை கேட்டால் யார் மறுப்பார்கள்? நாலு பாட்டுக்கு அனுமதி கிடைத்தது.

திருத்தணி கல்யாண மண்டபம், சாயங்காலம் ஏழு மணி. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும். பக்கத்தில் பலகை அடித்த சின்ன மேடையில் நாங்கள். அம்மையார்குப்பமே வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. டிரம்ஸ்காரன் குச்சியால் மூன்று தட்டித் தொடங்கினான்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு அதிர்ச்சியை நான் அனுபவித்ததில்லை. எல்லாம் கேட்டது. பாடகன் தன் குரலைக் கேட்டு மிரண்டு, வேறு யாரோ பாடுவதுபோல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். கிடாரில் ஒரு கம்பி சுருதி இறங்கி இழுத்தது. என் இடது கை செய்துகொண்டிருந்த காரியத்தைப் பற்றி இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. டிரம்ஸ்காரனோ ஓட ஆரம்பித்தான். ஒவ்வொரு வரிக்கும் வேகம் கூடியது. கிடார்காரன் அவனைப் பிடித்து நிறுத்தப் பார்த்து இன்னும் மெதுவாக வாசித்தான். நடுவில் பாடகன் யார் பின்னால் போவது என்று தெரியாமல் முழித்தான்.

"கேசட் சுத்திகிச்சு போலக்குது" என்றார் முன்வரிசையில் ஒரு மாமா. சிரிப்பு எழுந்தது. பாட்டு பாதியில் நின்றது.

அப்போது நான் செய்ததுதான் இன்றைக்கும் அவர்கள் என்னைக் கேலி செய்யும் காரியம். பாடகனின் மைக் என் முகத்துக்கு நேரே இருந்ததைக் கவனிக்காமல், "ஏன்டா ஓடறே? எவனாவது தொரத்துறானா?" என்று டிரம்ஸ்காரனைப் பார்த்துக் கத்திவிட்டேன். மண்டபம் முழுக்க ஒலித்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். டிரம்ஸ்காரன் முகத்தைப் பார்த்தேன். செத்துப்போகலாம் போலிருந்தது எனக்கு. அவனுக்காக அமைந்த ஒரே நாள் அது, அதையும் நானே கெடுத்தேன்.

வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்த நைனா, புதுப் பட்டு வேட்டியோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். இறக்கிவிடத்தான் வருகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். டிரம்ஸ்காரன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டான். நைனா எங்களைப் பார்க்கவே இல்லை. வேட்டியை மடக்கிக்கொண்டு எங்கள் மேடையின் ஓரத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பலகைமேல் உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தார். தட், தட், தட், தட். ஒரு மயிரிழை பிசகாத தட்டு. அது தறியின் வேகம், எங்கள் உடம்புக்குத் தெரியும். ஒன்றரை வருஷமாக நாங்கள் வாசித்த ஒவ்வொரு பாட்டும் அந்த வேகத்தில்தான் இருந்தது, காதல் பாட்டு, கோபப் பாட்டு என்ற பேதமே இல்லாமல்.

டிரம்ஸ்காரன் உட்கார்ந்து குச்சியை எடுத்தான். சேர்ந்துகொண்டான். கிடார் சேர்ந்தது. பாடகன் தொண்டையைத் திறந்தான். நாலு பாட்டும் முடியும்வரை நைனா கையை நிறுத்தவில்லை. இரண்டாவது பாட்டில் முன்வரிசை ஆட்களின் கால்கள் தாளம் போட்டன. ஒரு வார்த்தைகூடப் புரியாத அம்மையார்குப்பத்துப் பெண்கள் தலையை ஆட்டினார்கள். நகரிப் பையன்கள் இரண்டு பேர் ஆடியே விட்டார்கள். முடிந்ததும் மாப்பிள்ளை எழுந்து நின்று கைதட்டினார். திரும்பிப் பார்த்தால் நைனா வாசலுக்குப் போய்விட்டிருந்தார்.

பந்தியில் எங்கள் நாலு பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார்கள். பசி பிடுங்கியது. டிரம்ஸ்காரன் மட்டும் சாப்பாட்டைத் தொடாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்ணைப் பெற்றவர்கள் என்ற முறையில் நைனாவும் அம்மாவும் பந்தியை விசாரித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் முன்னால் நைனா நின்றார். அவர் குரலை அவ்வளவு நேரம் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"சாமி," என்றார் பாடகனிடம், "மேல போசொல்ல கண்ண மூடிகிறீங்க. கண்ண மூடுனா கொரலும் மூடிக்குது." கிடார்காரனிடம், "தம்பி, உன் மூணாவது கம்பி எறங்கிப்போவுது. ஆடி மாசத்துலேர்ந்து எறங்கிகினே இருக்குது." என்னிடம் வந்தார். "பாப்பா, நாலாவது பாட்டு நடுவுல ரெண்டு எடத்துல கைய எடுத்துடறே. எப்பவும் அங்கயே எடுக்கறே."

அந்த இரண்டு இடம் எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தேன். சுர்ரென்று ஏறியது. "உங்களுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சிகினு இருந்தேன் நைனா" என்று சொல்லிவிட்டேன். பந்தியே சிரித்தது.

அவரும் சிரித்தார். "காது கேக்கலன்னா நான் எப்படிம்மா தறி ஓட்றது? நாலு தறி ஓடசொல்ல எதுல இழ அறுந்துதுன்னு சத்தத்துலதான கண்டுபுடிக்கறேன். அதும் நடுவுல நீங்க நாலு பேரு. ஒன்ற வருசமா கேட்டுகினுதான இருக்கேன்."

பிறகு மகன் பக்கம் திரும்பினார். "நீ தறி சத்தத்து மேல சாஞ்சிகினு வாசிக்கறே. தறி இல்லன்னா ஓடறே."

"ஆங்" என்றான் அவன், தலையை நிமிர்த்தாமல்.

என்னால் அடக்க முடியவில்லை. "அஞ்சாவது தறி எப்போங்க வருது?" என்று கேட்டேன்.

"அத எங்க போடறதுன்னு அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு நாலு தறியையும் நிறுத்திடறேன். ஒரு மணி நேரம். வந்து வாசிங்க. ஒருத்தர் வாசிக்கறது ஒருத்தருக்குக் கேக்க வேணாமா?"

டிரம்ஸ்காரனின் அம்மா அவர் முகத்தையே பார்த்தார். "இன்னாங்க இது?" என்றார். பிறகு எங்களிடம், மகள் இருந்த மேடைப் பக்கம் கையைக் காட்டி, "அவ பொறந்த அன்னிக்கிகூட தறி ஓட்டிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு இந்த மனுசன்" என்றார்.

டிரம்ஸ்காரன் இலைக்குமேல் குனிந்து அழுதான். எனக்கும் கண்ணீர் வந்தது. ரசத்தின் காரம் என்று பாடகனிடம் சொன்னேன். நைனா பரிமாறுகிறவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "இவன் எலைல சூடா சோறு வைங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிசையை விசாரிக்கப் போனார்.