மேல் வரி, கீழ் வரி

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி. கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார்.

படம் எடுக்கிற அண்ணன். தர்மபுரிப் பக்கம். கேமரா எப்போதும் கழுத்தில்தான்.

புடவைக்கடை அம்மா. மடியில் ஒரு பார்சல்.

பக்கத்து சீட்டுப் பெண். படத்தில் புடவைக்குப் பின்னால் இருக்கிறதை வெட்டி எடுப்பது அவள் வேலை.

அப்புறம் நான். நாற்காலி நாலுதான். நின்றுகொண்டிருந்தேன்.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் இருந்தது அந்த இடம். கடைகளின் புடவைகளைப் படம் எடுத்து, இன்டர்நெட்டில் போடத் தயார் செய்து கொடுப்போம். அதற்கு முன்னால் நான் கார்மென்ட்ஸில் நூல் ஷேடு பார்த்துக்கொண்டிருந்தேன். கலரில் கண் தப்பாது என்று இங்கே எடுத்தார்கள். படிப்பு என்ன என்று கேட்டபோது பத்தாவது என்றேன். ஆறாவதோடு நின்றவள். தமிழ் எழுதுவேன். இங்கிலீஷ் கூட்டிப் படிக்க வராது. அது அங்கே யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் மெனுவில் எனக்கு எழுத்து இல்லை, இடம்தான். மேலே எத்தனாவது வார்த்தை, கீழே எத்தனாவது வரி என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தேன்.

என் வேலை கடைசி வேலை. அண்ணனின் கேமரா கலரை ஒரு பெரிய கணக்கில் பிடிக்கும். அந்தக் கணக்குக்குப் பெயர் ப்ரொஃபைல். ஜனங்கள் வீட்டில் பார்க்கிற கம்ப்யூட்டருக்கு அது புரியாது. அதனால் ஒவ்வொரு படத்தையும் சின்னக் கணக்குக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். பழைய சாஃப்ட்வேரில் அது ஒரு பட்டியலின் கடைசி வரி. "கடைசி வரி" என்றுதான் நோட்டில் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை புது சாஃப்ட்வேர் போட்டார்கள். அந்த வரி இடம் மாறிவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், "அந்த ப்ரொஃபைல் எங்க போச்சு?" என்று விளையாட்டுபோல் கேட்டேன். "எடிட்ல இருக்குக்கா" என்று தொட்டுக் காட்டினாள். அங்கே இரண்டு வரி, மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி முடிந்தன. எது என்று கேட்டால் படிக்கத் தெரியாதது வெளியே வந்துவிடும். கேட்கவில்லை. மேல் வரியை அழுத்தினேன்.

படம் மங்கியது. பார்த்தேன். நெட்டுக்குப் போனால் கலர் கொஞ்சம் அடங்கும் என்று அண்ணன் எப்போதோ சொல்லியிருந்தார். அதுதான் என்று வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் அப்படியே செய்தேன்.

அன்றைக்குக் கடை அம்மா பார்சலைப் பிரித்தார். நல்ல கிளிப்பச்சைப் புடவை. ஸ்கிரீனில் அதே புடவை பாசி பிடித்த மாதிரி இருந்தது.

"எழுபது வயசு அம்மாவுக்குன்னு அடக்கமான கலரா பாத்து வாங்கினாங்களாம். இதைக் கட்டினா நான் கூண்டுலதான் உக்காரணும்னு அந்தப் பாட்டி சொல்லிச்சாம். இதோட பதினோராவது புடவை சார், திரும்பி வந்தது."

பக்கத்து சீட்டுப் பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளி அண்ணனைப் பார்த்தார். "புது லைட்டு கேட்டீங்க, வாங்கிக் கொடுத்தேன். ஏன்ரீ இது?"

"லைட்டுல தப்பில்ல சார். கேமராவுல சரியாத்தான் இருக்கு, பாருங்க."

"கேமராவையா ஜனங்க வாங்குறாங்க? போதும். மாசக் கடைசியோட நின்னுக்கோங்க. நான் வேற ஆள் பாத்துக்குறேன்."

அண்ணன் கேமரா வாரைக் கழுத்திலிருந்து கழற்றினார். மேஜையில் வைத்தார். அதன் பின்பக்கச் சின்னத் திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் கிளிப்பச்சை, கிளிப்பச்சையாகவே இருந்தது.

எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. லைட்டு இல்லை, கேமரா இல்லை. மேல் வரி.

உள்ளங்கை ஈரமாகிப் புடவையில் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஈரம். சொன்னால் பத்தாவது என்றது பொய்யென்று தெரியும். திரும்பக் கார்மென்ட்ஸுக்குப் போக வேண்டும். அங்கே எடுப்பார்களோ மாட்டார்களோ. சொல்லாவிட்டால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அண்ணன் போய்விடுவார். அவ்வளவுதான்.

அவர் வாரை மடித்துக்கொண்டிருந்தார். மூன்றாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"சார், நான்தான்" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

"என்னம்மா நீதான்?"

கம்ப்யூட்டருக்குப் போய் எடிட்டைத் திறந்து மேல் வரியைக் காட்டினேன்.

அண்ணன் குனிந்து பார்த்தார். "ஐயோ தங்கச்சி. இது அசைன். கீழ இருக்குறதுதான் கன்வர்ட், கணக்கை மாத்துறது." பிறகு முதலாளியிடம் சொன்னார்: "சார், மெஜஸ்டிக் பஸ்ஸுல சிவாஜிநகர் போர்டை மாட்டுனா பஸ் சிவாஜிநகர் போயிடுமா? அப்படித்தான் ஆயிருக்கு. பேரு மட்டும் மாறியிருக்கு, உள்ள இருக்குற கணக்கு மாறல. அதான் கலரு மங்கிடுச்சு."

முதலாளி என்னைப் பார்த்தார். "எழுதித்தானேம்மா இருக்கு. படிக்கலையா?"

"படிக்க வராது சார்."

"பத்தாவதுன்னியே?"

"ஆறாவது."

கீழே ஓசூர் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் நீளமாக அடித்துவிட்டுப் போனது. பக்கத்து சீட்டுப் பெண் என்னைப் பார்க்காமல் கீபோர்டையே பார்த்தாள். புடவையை மடித்துக்கொண்டே கடை அம்மா, "ஒரிஜினல் படமெல்லாம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றார் அண்ணன்.

முதலாளி கேமராவை எடுத்து அண்ணன் பக்கம் தள்ளினார். எழுந்து, தன் நாற்காலியை என் கம்ப்யூட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

"உக்காரு. கீழ் வரி. எல்லாத்தையும் நீயே மாத்து. அதுக்கப்புறம் உன் விஷயத்தைப் பேசலாம். எத்தனை படம் இருக்கு?"

உட்கார்ந்தேன். எண்கள் படிக்கத் தெரியும். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து எண்ணினேன். பாதியில் தப்பிப் போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

நானூற்றுப் பன்னிரண்டு.