சங்கிலி போடாத நினைவுக்கல்

பட்டாளத்தில் நான் பாலம் கட்டும் பிரிவில் இருந்தவன். ஆறு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் லாரி போகிற மாதிரி பாலம் போட்ட கைக்கு, எர்ணாவூரில் ஒரு பூங்கா கட்டுவது என்ன பெரிய காரியம்? எங்கள் வட்டாரத்திலிருந்து ராணுவத்துக்குப் போய் உயிர்விட்டவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து, அதைச் சுற்றி ஒரு பூங்கா அமைக்க முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு இடம் கிடைத்ததும், வரைபடம் போடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அடக்கமாக இருந்து எனக்குப் பழக்கமில்லை.

காலடிப்பேட்டையில் ஒரு இரும்புக்கடை மாடியில்தான் எங்கள் சங்கம். கடைக்கார அண்ணாச்சி தெற்கத்திக்காரர். நாங்கள் படியிறங்கும்போதெல்லாம் "மெதுவா, பட்டாளம், மெதுவா" என்பார். அந்த மாடியில் உட்கார்ந்து நாங்கள் திட்டம் போட்டோம். முன்னாள் சிப்பாய்கள் கூடி ஒரு பூங்கா வரைந்தால் எப்படி இருக்கும்? பட்டாளம் தங்கும் கன்டோன்மென்ட் மாதிரி இருக்கும். பாதைகள் நூல் பிடித்தது போல நேராக. ஓரத்தில் செங்கல்லைச் சாய்த்துப் புதைத்து, ஒன்றுக்கு வெள்ளை, அடுத்ததற்குக் காவி. பெஞ்சுகள் எல்லாம் ஒரே வரிசையில், கொடிக்கம்பத்தைப் பார்த்தபடி. இரண்டு பேர் முகம் பார்த்துப் பேச வழியே கிடையாது. பாதி வாழ்க்கையை அப்படியே உட்கார்ந்து கழித்தவர்கள் என்பதால் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. மரங்களையும் உயரப்படி நிறுத்தலாம் என்றார் ஒருவர். புங்கமரம் உங்கள் உத்தரவைக் கேட்டா வளரும் என்று நான் கேட்ட பிறகுதான் அடங்கினார்.

நடுவில் நினைவுக்கல். அது ஆளுயர மேடையின் மேல் நிற்கும். மேடையைச் சுற்றித் தள்ளித் தள்ளித் தூண்கள், தூண்களை இணைத்துச் சங்கிலி. வருகிறவர்கள் சங்கிலிக்கு வெளியே நின்று சல்யூட் அடிக்க வேண்டும். இது சங்கத் தலைவரின் யோசனை. அவர் சுபேதாராக ஓய்வு பெற்றவர். நான் நாயக், அவருக்குப் பல படி கீழே. ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகியும் அவர் அறைக்குள் வந்தால் எழுந்து நின்று 'சாப்' என்கிறவர்கள் நாங்கள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

வரைந்ததைச் சுண்ணாம்புத்தூளால் தரையில் முழு அளவுக்குக் கோடு போட்டு நடந்து பார்ப்பது என் வழக்கம். காகிதத்தில் தெரியாதது காலுக்குத் தெரியும். அப்படி ஒரு காலையில் பூங்கா வரவிருந்த இடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்க் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்து நின்றார். அவருடைய கணவர் பனிமலைக் காவலில் இருந்தபோது பனிச்சரிவில் சிக்கி இறந்துபோனவர். உடல் கிடைக்கவில்லை. படத்தை வைத்துத்தான் காரியம் செய்தார்கள். அந்தப் பெயரும் எங்கள் கல்லில் வரவிருந்தது.

"அவுரு பேரு எங்கண்ணா வரும்?" என்று கேட்டார்.

மேடைக்கான இடத்தைக் காட்டினேன்.

"நான் எங்க நிக்கணும்?"

சங்கிலிக்காகப் போட்ட கோட்டைக் காட்டினேன். அந்தக் கோட்டில் போய் நின்று கையை நீட்டிப் பார்த்தார்.

"எட்டாது போலகீதே."

"எட்டாதும்மா. ஒரு மரியாதைக்குத்தான் அப்படி."

"மரியாதய கொடியேத்தற அன்னிக்கு நீங்க பண்ணிக்குங்கணா. அவுர பொதச்ச எடம்னு எனக்கு ஒண்ணு இல்ல. அந்தப் பேர தொடணும். அவ்ளோதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் மேல் இல்லை, எங்கள் மொத்தக் கூட்டத்தின் மேல். உயிரைக் கொடுத்தவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் நடுவில் சங்கிலி போட நாங்கள் யார்?

அன்று மாலையே சங்கத்தில் எழுந்து, மேடையும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம், கல் தரையிலிருந்தே எழும்பட்டும் என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சங்கிலி இல்லன்னா எவனாச்சும் வந்து சாஞ்சிகினு பீடி புடிப்பான். வெத்தல துப்புவான்."

"துப்புனா கழுவுவோம் சாப். நமக்கு வேற இன்னா வேல கீது?"

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நாளைக்கு எடத்துல வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் எழுந்தார்.

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக வந்தார். அந்தப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தேன். யாரும் சொல்லாமலே அந்தப் பெண் சங்கிலிக் கோட்டில் போய் நின்றுகொண்டார். தலைவர் நேராகக் கல் வரவேண்டிய இடத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். கையை நீட்டினாலும் எட்டாத தூரம். பிறகு நடந்து வந்து, பளபளத்த ஷூவாலேயே சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்து அழித்தார்.

"இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? அழிங்க" என்றார் எங்களிடம்.

உத்தரவு வந்துவிட்டால் எங்களைக் கேட்க வேண்டுமா? மேடைக் கோட்டையும் சேர்த்து மளமளவென்று அழித்தோம். சூட்டோடு சூடாக வரைபடத்தில் பெஞ்சுகளையும் எதிரெதிராகத் திருப்பிவிட்டேன். செங்கல்லின் வெள்ளையையும் காவியையும் மட்டும் தலைவருக்கு விட்டுக்கொடுத்தேன். எல்லாவற்றிலும் ஜெயித்தால் சங்கத்தில் டீ கிடைக்காது.

மழைக்கு நின்று நின்று வேலை நடந்தது. எங்கள் கடலோர உப்புக்காற்றை நம்பி இரும்பு வைக்க முடியாது என்பதால், முடிந்ததையெல்லாம் கல்லிலும் சிமெண்டிலும் முடித்தேன். நன்றாகவே கட்டினேன். இன்றைக்கும் யாராவது குறை சொன்னால் வந்து காட்டச் சொல்லுவேன்.

திறப்பு விழாவன்று கூட்டத்தில் அந்தப் பெண்ணால் கல்லுக்குப் பக்கத்தில் வர முடியவில்லை. அடுத்த நாள் காலையில் நான் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது தனியாக வந்தார். ஒரே இரவில் கல்லின் மேல் துறைமுகத்தில் இறக்கும் நிலக்கரியின் தூள் படிந்திருந்தது. முந்தானையை விரலில் சுற்றி, கணவரின் பெயரை எழுத்து எழுத்தாகத் துடைத்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"காத்துல வர்ற கரிம்மா, தெனம் படியும். ஆள் வெச்சு தொடைக்கச் சொல்றேன்."

"வாணாம்ணா, நானே வந்து தொடச்சிக்கறேன். இத்தினி வருசமா அவுருக்குன்னு செய்ய எனக்கு ஒரு வேல இல்லாம இருந்துச்சு."

சொல்லிவிட்டு, முந்தானையின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்துப் பெயரையும் துடைக்க ஆரம்பித்தார்.