பத்து விடைகளும் ஒரு கேள்வியும்

நாளை என் மகள் வகுப்பில் ஒரு சிறுகதையைப் பற்றி விவாதம். வேலை போனதை வீட்டில் மறைத்த அப்பனின் கதை.

நான் பத்து விடை எழுதி, "மனப்பாடம் பண்ணும்மா" என்று நீட்டினேன்.

"விடை வேணாம் நைனா. பதில் தெரியாத ஒரு கேள்வியோட வரச் சொல்லிக்கீறாங்க டீச்சர்."

"அப்போ நீயே கேளு."

"அந்த அப்பன் ஏன் மறைச்சாரு?"

"பொண்ணு முன்னாடி கௌரவமா இருக்கணும்னுதான்" என்றேன் சட்டென்று.

"அதான் நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸுன்னு சொல்லிகினு கீறியா? நீ எட்டாவதோட நின்னுட்டன்னு அம்மா சொல்லிச்சே!"

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்: 'மகள் கண்டுபிடித்துவிட்டால் அப்பா என்ன செய்ய வேண்டும்?'

நாளை மதுராந்தகத்தில் ஒன்பதாம் வகுப்பு முழுக்க இதைத்தான் பேசப்போகிறது. எனக்குச் சாதகமான பதில் தெரிந்தவர்கள் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.