ஐந்தரை மணியானால் பேச்சில்லை

மூலக்குளத்தில் லூர்துநாதன் வீட்டுக்கு மாலை ஐந்தரை மணிக்கு விருந்தாளி யாரும் போவதில்லை. போனால் வாசலில் நிற்க வேண்டியதுதான். மனிதர் அப்போது மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகன் கல்யாணம் பேச வந்த சம்பந்திகளைக்கூடப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு மாடியேறியவர் அவர். இவர் மாடிக்குப் போனால்தான் சூரியனே இறங்குமாம் என்று மனைவி லூர்துசெல்வி கேலி செய்வார்.

பழக்கம் அப்படி. கடற்காற்றில் வளர்ந்த இந்தப் பாண்டிச்சேரிக்காரர் வேலை பார்த்ததெல்லாம் ஒரு மலையுச்சி வானிலை நிலையத்தில். அங்கே காலை எட்டரை, மாலை ஐந்தரை ஆனால் கையில் எடுத்த கவளத்தையும் வைத்துவிட்டு வெப்பமானியையும் மழைமானியையும் பார்க்க ஓட வேண்டும். நேரம் தப்பினால் தப்பியதுதான். போன வானத்தைக் கூப்பிட்டு மறுபடி நில் என்று சொல்ல முடியுமா?

மூடுபனியில் கருவிகள் வைத்திருந்த மேட்டுக்கு வழி தெரியாது. தினக்கூலியாக இருந்த சின்னக்கண்ணு வந்து, மணி ஆச்சு என்று கதவைத் தட்டுவார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். ஒரு புயல் மாலையில் அப்படி நடக்கும்போதுதான் மரம் விழுந்தது. முன்னால் போனவர் போய்விட்டார். பின்னால் போனவர் பென்ஷன் வாங்குகிறார். இந்தக் கணக்கு லூர்துநாதனுக்கு ஒருநாளும் நேரானதில்லை.

இந்த ஆண்டு அந்த நிலையத்துக்கு நூற்றாண்டு விழா. பழைய ஊழியர்களைப் பேச அழைத்திருந்தார்கள். லூர்துநாதன் இழுப்பு நோய்க்காரர், மலையேறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, செல்போனிலேயே முகம் காட்டிப் பேச ஏற்பாடானது. அவருக்குச் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதிகாரிகள் பெயரைச் சொல்ல அங்கே ஆயிரம் வாய் இருக்கும். சின்னக்கண்ணு பெயரைச் சொல்ல இவரை விட்டால் நாதியில்லை. ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

விழா நாளில் பெரிய மனிதர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். லூர்துசெல்வி போனைப் பிடித்துப் பிடித்துக் கை வலித்து, சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்தார். கடைசியில் இவர் முறை வந்தது. வணக்கம் சொல்லி, தான் வேலைக்குச் சேர்ந்த கதையைத் தொடங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டபோது சுவர்க்கடிகாரம் கண்ணில் பட்டது. ஐந்தரை. திரையில் அத்தனை பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"மணி ஆச்சு," என்றார் லூர்துநாதன். "சின்னக்கண்ணு இருந்தா இந்நேரம் வந்து தட்டியிருப்பாரு. போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இருக்கேன்."

இப்போதெல்லாம் மெஷினே பார்த்துக்கொள்கிறது என்று விழா நடத்தியவர் சிரித்தார். ஆனால் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து ஓடினாள். அவள் பின்னால் இன்னும் சிலர். கூட்டம் கலைந்தது. பனி இறங்குமுன் மலையிறங்க வேண்டும் என்று சிறப்பு விருந்தினர் கிளம்ப, அவசரமாக நன்றியுரை சொல்லி விழாவையே முடித்துவிட்டார்கள்.

"இத்தன நாளு மனப்பாடம் பண்ணிட்டு, கடசீல கடிகாரத்தப் பாத்தீங்களே," என்றார் லூர்துசெல்வி. கோபம் பாதி, அழுகை பாதி.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரியாய்ப் போயிற்று. செத்தவருக்குச் செய்ய இருந்த ஒரே காரியத்தையும் கெடுத்துக்கொண்டோமே என்று லூர்துநாதன் நொந்துகொண்டார். போனை அணைக்க மனமில்லாமல் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது திரையில் ஒரு முகம் வந்தது. ஓடிப்போன அதே பெண், தலைமுடியெல்லாம் பனித்துளி. கூடப் போனவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். தன் பெயர் துர்கா என்றாள். மெஷின் இருந்தாலும் ஆளும் போய்ப் பார்க்க வேண்டும், இன்றைய டியூட்டி தன்னுடையதுதான், பெரியவர்கள் முன்னால் எழுந்து போகக் கூச்சமாக இருந்தது என்றாள்.

"பாத்துட்டு வந்துட்டோம் சார். சின்னக்கண்ணுன்னு சொன்னீங்களே, அவர் யாரு?"

லூர்துநாதன் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் மாடிக்குப் போகவில்லை.