வாய்வு என்று நினைத்தோம்

2006ஆம் வருடம், ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். சிவகாசிக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி சீசன் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நான் பேக்கிங் ஷெட்டில் இருந்தேன். திடீரென்று வெளியே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் ஆட்கள் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

ஆனால் வெடிச் சத்தம் இல்லை. புகை இல்லை. நெருப்பு வாடைகூட இல்லை.

"பஞ்சவர்ணக்கா, இங்கன வாங்க! அண்ணன் விழுந்துட்டாக!" என்று கூட வேலை பார்க்கும் செல்வி கத்தினாள்.

லோடு ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் சக்கரத்தில் சாய்ந்து என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டை தண்ணீரில் முக்கி எடுத்தது போல் நனைந்திருந்தது. நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். அவருக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. லோடு வேலை. எவ்வளவு கனமான பெட்டியையும் சிரித்துக்கொண்டே தூக்குவார். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை.

"ஒண்ணுமில்லடி, வாய்வுதான்" என்றார்.

சுற்றி நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒருவர் சோடா வாங்கி வந்தார். நானே என் கையால் குடிக்க வைத்தேன். அரை மணி நேரம் அப்படியே போனது. குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. "இடது கை தூக்க முடியாம கனக்குது" என்றார். அப்போதுதான் கம்பெனி வேனில் ஏற்றினோம்.

டவுனுக்குள் நுழையும் இடத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வர வேண்டும் என்றார்கள். முன்னாலும் பின்னாலும் வண்டிகள். நகர வழியில்லை. அவர் தலை என் மடியில் கிடந்தது. கண்கள் செருகின.

நான் வேனுக்குள்ளேயே கையெடுத்துக் கும்பிட்டேன். "ஆத்தா மாரி, வருசா வருசம் உன் வாசல்ல வந்து நிக்கிறேன். எனக்கு வேற நாதி இல்லத்தா. ஒரு ஆளையாவது அனுப்பு" என்று வாய்விட்டுக் கதறினேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

நான் கதறியது பக்கத்தில் நின்ற டவுன் பஸ்ஸில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள். பெயர் ஜெயசீலி. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேன் கதவைத் திறந்து அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

"எப்ப இருந்து வலிக்குது?"

"ஒரு மணி நேரம் ஆச்சும்மா. வாய்வுன்னு சோடா குடுத்தோம்."

"வாய்வு இல்லக்கா இது. நெஞ்சுவலி. அவுகள அசைக்காதீக, நடக்க விடாதீக."

கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மருந்துக் கடைக்கு டிரைவரை அனுப்பி ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை வாங்கி வரச் சொன்னாள். அதை அவரை மென்று விழுங்க வைத்தாள். வழியில் தெரிந்த ஒரு சின்ன கிளினிக்குக்குத்தான் நாங்கள் போவதாக இருந்தோம். "அங்கன ஈசிஜி கிடையாது, எங்க ஆஸ்பத்திரிக்கே விடுங்க" என்று எங்களோடு வேனில் ஏறிக்கொண்டாள். கூட்ஸ் போய்க் கேட் திறந்ததும் வேன் கிளம்பியது. அவள் கழுத்தில் சிலுவை கிடந்தது. வழியெல்லாம் அவளும் முணுமுணுவென்று ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தாள்.

ஈசிஜி எடுத்தார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போட்டார்கள். சாயங்காலம் மதுரைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அவர் கண் திறந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் அந்த வராந்தாவிலேயே விழுந்து கும்பிட்டேன்.

ஆனால் எனக்குப் பெரிய அதிர்ச்சி அதற்குப் பிறகுதான் காத்திருந்தது. மதுரை டாக்டர் என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பீடி எத்தனை கட்டு? ஒரு நாளைக்கு ஒன்றரை. சாப்பாடு? காலையில் டீயும் இரண்டு வடையும். மதியம் கருவாடு, ஊறுகாய், அப்பளம். வாரத்தில் மூன்று நாள் எண்ணெயில் பொரித்த பரோட்டா. பிரஷர் உண்டா? அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் முன்பு கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் பிரஷர் இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். தூக்குற வேலை பாக்குறவனுக்கு என்ன நோய் வரும் என்று சிரித்துவிட்டு அவர் அதைத் தூக்கி எறிந்தார். நானும் கூடச் சிரித்தேன்.

"இது செவ்வாய்க்கிழமை வந்த நோய் இல்லம்மா. பல வருசமா வந்துக்கிட்டே இருந்திருக்கு" என்றார் டாக்டர்.

இத்தனை வருடமும் நான் ஆத்தாவிடம் வேண்டியதெல்லாம் தீ விபத்தில் அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான். வேலைக்குப் புறப்படும்போதெல்லாம் திருநீறு பூசி அனுப்பினேன். வீட்டுக்கு வந்ததும் நானே உப்பையும் எண்ணெயையும் அள்ளிப் போட்டேன். ஆசையாகத்தான் போட்டேன். அன்று அந்த ஆஸ்பத்திரியில் என் கையையே நான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கும் பிரஷர் பாத்திரலாமா?" என்று கேட்டு, டாக்டர் எனக்கும் பட்டையைச் சுற்றினார். எனக்கும் இருந்தது. ஒரு வலி இல்லை, ஒரு மயக்கம் இல்லை. இருந்தது.

ஊருக்கு வந்ததும் இருவரும் கோயிலுக்குப் போனோம். அக்கினிச் சட்டி எடுப்பதாக நான் நேர்ந்துகொண்டேன். அவர் சட்டைப் பையில் இருந்த பீடிக் கட்டை எடுத்துக் கசக்கி வெளியே எறிந்துவிட்டு உள்ளே போய் நின்றார். "இனி தொடமாட்டேன்த்தா" என்றார். எளிதாக விடவில்லை அது. இரண்டு தடவை எனக்குத் தெரியாமல் குடித்தார். ஜெயசீலியைப் பார்த்து நன்றி சொல்லப் போனபோது, வாடையை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணே, அன்னைக்கு பஸ்ஸ விட்டு எறங்கி ஓடியாந்தது இதுக்குத்தானா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். அன்றோடு அவர் பீடியை விட்டார்.

வீட்டில் எண்ணெயைக் கரண்டியில் அளந்து ஊற்றுகிறேன். ஊறுகாய்ச் சாடியைக் காலி செய்தேன். கீரையும் காய்கறியும் இல்லாமல் சோறு இல்லை. டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு விடியற்காலையில் இருவரும் ஆனைக்குட்டம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தோம். முதல் நாள் தந்திக் கம்பம் இரண்டு தாண்டுவதற்குள் அவர் நின்றுவிட்டார். இப்போது நான்தான் அவருக்குப் பின்னால் வேகமாக நடக்க வேண்டியிருக்கிறது. இருவரும் மாத்திரையை விடுவதில்லை. அவர் லோடு வேலையை விட்டுவிட்டு அதே கம்பெனியில் கேட்டில் உட்கார்ந்து வரும் லாரிகளைப் பார்த்துக்கொள்கிறார்.

ஆத்தா அன்று எனக்கு ஆள் அனுப்பினாள். இதை நான் யார் முன்னாலும் சொல்வேன். அவளை நம்புங்கள், கைவிட மாட்டாள். உங்கள் வீட்டில் தெம்பாக நடமாடுகிறவர் யாரோ, அவரையே முதலில் கூட்டிக்கொண்டு போய் பிரஷரும் சர்க்கரையும் பாருங்கள். வர மாட்டேன் என்பார். சிரிப்பார். தயவுசெய்து நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிடாதீர்கள்.