வாட்டு மாடியில் காய்ந்த ஜெர்சிகள்

எங்கள் மலையில் மழை மாதத்தில் துணி காயாது. துவைத்துப் போட்டால் மூன்றாம் நாளும் ஈரமாகத்தான் இருக்கும், கூடவே ஒரு புளித்த வாடையும் சேர்ந்துகொள்ளும். பள்ளிச் சீருடையை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்துப் புகை நாற்றத்தோடு போட்டுக்கொண்டு போனவள் நான். அப்படிப்பட்ட நான் பதினாறு ஈர ஜெர்சிகளை ஒரு பையில் திணித்து, அடிவாரத்துத் தாப்பாவில் பேருந்து ஏறி மேலே கொண்டு வந்தேன். இந்த முட்டாள்தனத்தை நகரத்துப் பெண் யாராவது செய்திருந்தால் மன்னிக்கலாம்.

கீழே ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் ரக்பி அணிக்கு ஆள் போதவில்லை என்று என்னையும் பிடித்துப் போட்டார்கள். நான் வேகமாக ஓடுவேன் என்று யாரும் நினைக்கவில்லை. குட்டையாகவும் கெட்டியாகவும் இருந்தேன், அவ்வளவுதான் தகுதி. நாங்கள் ஆடியது அணிக்குப் பத்துப் பேர் ஆடும் ரக்பி; இரண்டு அணியிலும் ஐந்தைந்து பேர் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுவதை ஸ்க்ரம் என்பார்கள். அதன் நடுவில் நின்று, உள்ளே உருட்டிவிடும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்க வேண்டியது என் வேலை. காதெல்லாம் தேய்ந்து போகும். ஆனால் அந்த இருட்டுக்குள் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் என்னை இறுக்கிக் கட்டிப் பிடித்திருப்பார்கள். அம்மா அதற்கு முந்தின வருடம் இறந்த பிறகு என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. அதற்காகவே பயிற்சிக்குப் போனேன் என்று இப்போது சொல்லலாம்.

அப்பாவுக்குப் போனில் ஆட்டத்தை விளக்கினேன். "என்னாம்மா வெளையாட்டு இது? பந்த முன்னாடி வீசக் கூடாதாம், ஆனா எல்லாரும் முன்னாடி போவணுமாம்" என்று சிரித்தார். அம்மா போனபின் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்பா எஸ்டேட் தொழிற்சாலையில் மாடி வேலை பார்த்தார். தேயிலைக் காட்டிலிருந்து வரும் கொழுந்தை நீளமான தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறி வைத்து வெதுவெதுப்பான காற்றை விட்டு இரவு முழுக்க வாட்டும் இடம் அது. எப்போது போதும் என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். எழுத்தர் வேலை பார்க்கும் கிராணி, ஈரம் காட்டும் மீட்டரைப் பார்த்துவிட்டு அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். இருபத்திரண்டு வருடம் அந்த மாடிதான் அவருக்கு எல்லாம். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், அவர் வாசனை சோப்பு போட மாட்டார், பவுடர் பூச மாட்டார். அம்மா தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார். "பொண்டாட்டிய விடக் கொழுந்துதான் ஒசத்தி" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

எங்கள் அணிக்கு ஒரே ஒரு செட் ஜெர்சி. ஆட்டத்துக்கு ஆட்டம் ஒருத்தி முறை வைத்துத் துவைத்து எடுத்து வர வேண்டும். வெள்ளிக்கிழமை சேற்றில் புரண்டு கால் இறுதியை வென்றோம், ஞாயிற்றுக்கிழமை அரை இறுதி. துவைக்கும் முறை என்னுடையது. சனிக்கிழமை அம்மாவுக்கு முதல் திதி, நான் வீட்டுக்குப் போயாக வேண்டும். கேப்டன் கடல் தாண்டி சபா மாநிலத்திலிருந்து வந்த பெண், நல்லவள். "பையை என்கிட்ட கொடுத்துட்டுப் போ, நான் பார்த்துக்கறேன்" என்று மலாயில் சொன்னாள். கொடுத்திருக்கலாம். அம்மா இல்லாத பெண் என்று எனக்குச் சலுகை காட்டுகிறாள் என்று தோன்றி முறைப்பு வந்துவிட்டது. என் முறையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்க மழை. குளிர்ந்த தண்ணீரில் கை விறைக்க விறைக்கத் துவைத்துப் போட்டேன். அம்மா படத்துக்கு முன்னால் அப்பா உட்கார்ந்து சாம்பிராணி போட்டுக்கொண்டே இருந்தார். தட்டு அணைந்தால் மறுபடி கங்கு வைத்தார். ஜன்னலைத் திறக்க விடவில்லை, வீட்டுக்குள் கண் எரிந்தது. படையல் முடிந்து மாலை வந்தபோதும் ஜெர்சிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தேன், ஆவிதான் வந்தது.

"அப்பா, பேக்டரி மாடில தொங்கவிட்டா காலைல காஞ்சிரும்லா?"

"அங்க துணி கொண்டு போவக் கூடாதும்மா. ஒனக்குத் தெரியாதா?"

"ஒரு நாளுதானேப்பா."

"ஒரு நாளா இருந்தா என்னா? கூடாதுன்னா கூடாது."

அப்போது நான் சொன்னேன்: "அம்மா இருந்திருந்தா எப்படியாவது காய வச்சுக் குடுத்திருப்பாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மா படத்தைப் பார்த்தார். அந்தத் தினத்தில், அந்தப் புகைக்குள் உட்கார்ந்து அதைச் சொன்ன வாய் இது. கொஞ்ச நேரம் கழித்து அவர் வேலைக்குக் கிளம்பினார். போகும்போது ஜெர்சிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து பையில் வைத்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தும் பார்த்தார். எனக்குத் தெரியும், அவர் வாடை பார்க்காமல் எதையும் மாடிக்கு ஏற்ற மாட்டார். ஆனால் காலையிலிருந்து சாம்பிராணியில் ஊறிய மூக்கு அது.

ஆட்டத்துக்கு முன்னால் நாங்கள் தோளிலும் தொடையிலும் சூட்டுத் தைலம் அப்பிக்கொள்வோம், மூக்கைத் துளைக்கும் தைலம். அது ஜெர்சியிலும் ஏறிவிடும், குளிர்ந்த தண்ணீரில் போகாது. நானும் அதே வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிறு காலை அப்பா பதினாறு ஜெர்சிகளையும் மடித்துக் கொண்டு வந்து கொடுத்தார். கொஞ்சம் சூடாகவே இருந்தன. நன்றி என்றுகூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடினேன். உடை மாற்றும் அறையில் கேப்டன் ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டு, "தேயிலை வாசம்" என்றாள். எல்லோரும் மோந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் மழை கொட்டியது. பதினாறு ஜெர்சியும் பிழிந்தால் வழியும் அளவுக்கு நனைந்தன. ஈரமாகவே கொண்டு வந்திருந்தாலும் ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது. கடைசி ஸ்க்ரமில் பந்து என் காலுக்குக் கீழே வந்து வழுக்கி எதிரிகள் பக்கம் போனது, தோற்றோம். அத்தோடு அந்தப் பருவம் முடிந்தது. ஆளுக்கொரு ஜெர்சியை நினைவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டாம் எண் எனக்குக் கிடைத்தது.

அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தேன். "காஞ்சு இருந்துச்சுல்ல? அது போதும்" என்றார். அடுத்தடுத்த வாரங்களில் பேசியபோதும் என் பரீட்சையைப் பற்றித்தான் கேட்டார்.

பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போனபோது வாசலில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் டாங்கி கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் அப்பாவின் ரப்பர் பூட்ஸ்.

"யாருதுப்பா இது?"

"என்னுதுதான். வெளிக்காட்டுல மருந்தடிக்க மாத்திட்டாங்க."

"ஏன்?"

"அன்னிக்கு ராத்திரி வாட்டி ஓட்டுன தூளு சரியில்லம்மா. தைல வாடை. மொத்தத்தையும் கொட்டிட்டாங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். எஸ்டேட் மேனேஜர் துரையிடம் போய் எல்லாம் என்னால்தான் என்று சொல்கிறேன் என்றேன். அப்பா என் செருப்பை எடுத்து எனக்கு எட்டாத பக்கம் வைத்தார்.

"போயி என்னா சொல்லுவ? தொங்கவிட்டது நான்தான். துரை கேட்டாரு, ஆமாங்கன்னேன். வேலைய விட்டுப் போவச் சொல்லல, வீட்டக் காலி பண்ணச் சொல்லல. இத்தோட விட்டுரு."

"நான் அம்மாவப் பத்திச் சொன்னதுனாலதானே கொண்டு போனீங்க?"

அவர் எழுந்து டீ போடப் போனார்.

ஒன்பது வருடம் முதுகில் டாங்கியைச் சுமந்து மருந்தடித்தார். ஓய்வு பெற்றதும் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டை விட்டு ரிங்லெட் ஊரில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். நான் டவுனில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். ரக்பி பந்தைத் தொட்டுப் பல வருடமாகிறது.

அவர் மூக்கு போய்விட்டது. மருந்தா வயதா, தெரியவில்லை. ஒரு நாள் குழம்பு அடிப்பிடித்து வீடெல்லாம் புகைந்தபோது அவர் பக்கத்து அறையில் நிம்மதியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா திதிக்குச் சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போடுகிறார், பத்தவில்லை என்கிறார். தனக்கு வாசம் தெரியவில்லை என்பதை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

போன மாதம் அலமாரியை ஒழித்தபோது அந்த ஜெர்சி அடியிலிருந்து வந்தது. எத்தனையோ தடவை துவைத்து, பாச்சை உருண்டைகளோடு வைத்திருந்தேன். கையில் எடுத்ததுமே அந்த நெடி எனக்குத் தும்மலை வரவழைத்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா கையை நீட்டினார், கொடுத்தேன். எண்ணைத் தடவிப் பார்த்தார். பிறகு, அந்தக் காலத்தில் தட்டிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி முகத்துக்குக் கொண்டு போவது போல, இரண்டு கையாலும் மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"வாட்டுன கொழுந்து வாசம்" என்றார். "இன்னும் போவல பாரு."

"ஆமாப்பா" என்றேன். "போவல."